ஹெலி விழுந்த களங்கட்டி

பேய், ஆவி என்று ஆராவது கதை தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுகிற ஆள். பத்தாம் வகுப்போடு குருநகரில் தொழிலுக்கு இறங்கியவன், கடலில் எத்தனையோ இரவு தனியாக நின்றிருக்கிறேன், ஒன்றும் என்னை வந்து பிடித்ததில்லை. நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. நானே நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் இத்தனை வருடம் எரிச்சலோடு திரிகிறேன்.

அது சண்டை நின்றிருந்த மாதங்கள். பின்னேரங்களில் ஆமியின் ஹெலிகொப்டர் ஒன்று வந்து கரையோரப் பரவைக்கடலுக்கு மேல் ஓடிப் பழகும். ஏறும், இறங்கும், தண்ணீருக்கு மேல் தள்ளாடிக்கொண்டு நிற்கும், திரும்ப ஏறும். முதல் நாள் எல்லோரும் பதுங்கினோம், பிறகு ஆரும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. "உவனுக்கு ஒரு எல் போர்ட் கட்டிவிட வேணும் அத்தான்" என்பான் என் மனைவியின் தம்பி தாசன்.

அன்றைக்குத் தாசன் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நான் வள்ளத்தில் தனியாக எங்கள் களங்கட்டிக்குப் போயிருந்தேன். களங்கட்டி என்றால் கடலுக்குள் வரிசையாக மரம் நட்டு, வலை கட்டி, மீனை அடைக்கிற இடம். ஹெலி வழக்கத்தைவிடப் பதிவாக, தண்ணீரைத் தொடுகிற மாதிரி வந்தது, வால் தண்ணீரில் முட்டியது, அப்படியே சரிந்து எங்கள் மரங்களை முறித்துக்கொண்டு விழுந்தது. நான் கோல் ஊன்றிக் கிட்டப் போனபோது வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

கடைசி மரத்தில் ஒரு பொடியன் தொங்கிக்கொண்டிருந்தான். ஆமி உடுப்போடு, முகம் வழிக்கையில் வெட்டின மாதிரி நாடியில் சின்னப் பிளாஸ்டர், கால் ஊன்ற முடியவில்லை. வள்ளத்தில் இடமிருந்தது, அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் உடுப்புக்காரன் ஒருவனை நான் தனியாக ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனால் நாளைக்கு ஆமியோ இயக்கமோ, எந்தப் பக்கம் வந்து என்ன கேட்கும்? நாலு பேராக வந்து தூக்கினால் அது ஊர் செய்த காரியம். அந்த நாட்களில் எங்கள் புத்தி அப்படித்தான் ஓடும். அவனுடைய இரண்டு கையையும் எடுத்து மரத்தைச் சுற்றி வைத்தேன். கை நல்ல சூடு. "விடாதை தம்பி, பிடிச்சுக்கொண்டிரு, நான் வாறன்" என்றேன். தலையாட்டினான்.

கரையில் சனம் குவிந்து ஆளுக்காள் கத்திக்கொண்டு நின்றது. நான் சத்தமாகக் கதைக்கிற ஆள் இல்லை. "ஒருத்தன் உயிரோடை நிக்கிறான்" என்று நாலைந்து பேரிடம் சொன்னேன், ஒருவரும் காது கொடுக்கவில்லை. தாசனைத் தேடிப் பிடித்துத் திரும்பிப் போக அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். மரம் வெறுமனே நின்றது.

அடுத்த நாள் ஆமிக்காரர் வந்து ஹெலியை இழுத்து எடுத்தார்கள். உள்ளே இரண்டு பேர், ஓடப் பழக்கியவரும் பழகின பொடியனும். இரண்டு பேரும் இருக்கையில் பட்டி பூட்டினபடி. பட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள், என் கண்ணால் பார்த்தேன். அதே பொடியன், அதே பிளாஸ்டர். மொத்தம் எத்தனை பேர் என்று அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவனிடம் கேட்டேன். "ரெண்டு பேர்தான். விழுந்த உடனை கழுத்து முறிஞ்சு போச்சு" என்றான்.

அவனை விட்டுவிட்டு வந்ததைக் கோயிலில் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

"நீர் ஒருத்தரையும் சாகவிடேல்லை. அவன் முதலே செத்துப்போனான். நிம்மதியாய்ப் போம்."

"அப்ப நான் ஆரோடை கதைச்சனான் சுவாமி?"

"வெய்யில் தண்ணியிலை பட்டால் கண் மயங்கும்" என்று, பிராயச்சித்தமாக மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். அவன் உயிரோடு இருந்திருந்தால் கொன்றவன் நான். செத்திருந்தால் அந்தச் சூடான கை ஆருடையது? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு ஒரு முடிவு இல்லை.

இன்னொன்று இருக்கிறது, நம்பினால் நம்புங்கள். கடலில் நட்ட மரத்தில் இரண்டு மாதத்தில் சிப்பியும் பாசியும் பிடித்துவிடும், கத்தியால் சுரண்ட வேண்டும். அந்தக் கடைசி மரத்தில் மட்டும், நெஞ்சளவு உயரத்தில், இரண்டு கைப்பிடி அகலத்துக்கு ஒன்றும் ஒட்டாது. அந்த மரத்தைப் பிடுங்கிவிட்டு வேறு நட்டேன், அதிலும் அப்படித்தான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து நட்ட மரத்திலும் அப்படித்தான். "சுரண்டிற வேலை மிச்சம் அத்தான், பேசாமல் இருங்கோ" என்கிறான் தாசன்.

அவன் பார்க்காத நேரம் கிட்டப் போய், "நான் வந்திட்டன் தம்பி, இனி விடு" என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். போன கிழமையும் சொன்னேன். அவன் சிங்களப் பொடியன், எனக்குத் தமிழில்தானே சொல்லத் தெரியும். அந்த இரண்டு பிடி இடம் இன்னும் வழுவழுவென்றுதான் இருக்கிறது.