முட்டைப் பந்தும் ஒரு பெனியனும்

1. சிம்மர்ஸ்டுண்ட

இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பதவி, இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுவது. இரண்டாவது பதவி, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்போல் வீரன். இரண்டாவதற்கு நான் விண்ணப்பிக்கவேயில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு இருபத்தொரு வயது.

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் கிடைக்கும் ஓய்வை இங்கே சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஹோட்டல் வெயிட்டர் டேவும் அக்கம்பக்க ஹோட்டல்களில் வேலை செய்த மற்ற ஆஸ்திரேலியப் பெடியளும் பின்பக்கப் புல்வெளியில் முட்டை வடிவப் பந்தொன்றை உதைத்துத் திரிவார்கள். ஒருநாள் நான் உருளைக்கிழங்குத் தோல் வாளியோடு வெளியே வர, அது என் முகத்துக்கு நேரே வந்தது. வாளியைப் போட்டுவிட்டு, வொலிபோலில் சேர்விஸ் போடுவதுபோல முஷ்டியால் ஒரு குத்து விட்டேன். காயப்போட்ட மேசைவிரிப்புகளுக்கு மேலால் பறந்து டேவின் நெஞ்சில் போய் இறங்கியது பந்து.

டேவ் ஓடி வந்தான். அவன் இங்கிலீஷில் கேட்டதை என் தமிழில் தருகிறேன்.

"உப்பிடி இன்னொருக்கால் அடிப்பியோ?"

"தோலை அள்ளிப்போட்டு வாறன்" என்றேன்.

2. இரவல் பெனியன்

ஊரில் பள்ளிக்கூட வொலிபோல் டீமில் இருந்தவன் நான். அதில் பந்தைப் பிடித்தால் பிழை, உடனே விசில். இந்த விளையாட்டில் பந்தைக் கையால் எறியக்கூடாது, குத்தலாம், உதைக்கலாம். குத்துவது எனக்குத் தேன் குடித்ததுபோல. ஆனால் உயர உதைத்த பந்தைத் துள்ளிப் பிடிப்பதுதான் இதற்கு உயிர். பிடித்தவுடன் விசில் ஊதுவார்கள். பிறகு பிடித்தவனை ஒருவரும் தொடமுடியாது, ஆறுதலாக உதைக்கலாம். கோடை முழுக்க டேவ் சொல்லித் தந்தான். பந்து வரும், மூளை பிடி என்னும், கை குத்திவிடும்.

கடைசியில் அவனே வழி கண்டான். "நீ பிடிக்க வேண்டாம். எங்கட கோலடியில நில். அவங்களைப் பிடிக்க விடாதை."

எங்கடின் என்ற தூரத்து மலைப்பள்ளத்தாக்கின் ஹோட்டல்களில் வேலை செய்த ஆஸ்திரேலியர்கள் லீவு போட்டு ரயிலேறி எங்களோடு மோத வருவதாக ஏற்பாடு. டேவ் எனக்கு ஒரு ஜேர்சி தந்தான். நீலம், கையில்லாதது, முதுகில் பதினேழு. "இது இரவல். நல்லா விளையாடினால் உனக்கு. இல்லாட்டில் கழட்டித் தரவேணும்."

என்னோடு சட்டி கழுவிய சிவமண்ணை அதை விரித்துப் பார்த்தார். "உது பெனியன் தானேடா. உதுக்கோ இந்தத் துள்ளல்?"

பெனியன்தான். ஆனால் அகதி முகாமில் தந்த கோட்டும் குசினியில் தந்த ஏப்ரனும் யார் வந்தாலும் கொடுப்பவை. இது என்னைப் பார்த்துத் தந்தது. எனக்கு அது வேண்டும். அன்று முழுக்க அதைப் போட்டுக்கொண்டே கோப்பை கழுவினேன்.

3. விசில்

ஞாயிற்றுக்கிழமை சிம்மர்ஸ்டுண்டயில் ஆட்டம். பனிக்காலத்தில் வீதியோரம் நடும் நீளக் கம்பங்களைக் கேட்டு வாங்கி, கோல் கம்பங்களாக இரண்டு பக்கமும் நாலு நாலாக நட்டிருந்தோம். எங்கள் ஷெஃப் குடையோடு வந்தார். சிவமண்ணை அந்தக் குடைக்குள் புகுந்துகொண்டார்.

எனக்கு வாய்த்த எதிராளி ஒரு ஹோட்டல் பேக்கரிக்காரன், கதவளவு ஆள். அவன் கையை நீட்டும்போதெல்லாம் பின்னாலிருந்து துள்ளிப் பந்தைக் குத்திவிட்டேன். சனம் சிரித்துச் சிரித்துக் கைதட்ட, எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஷெஃப் பக்கத்தில் நின்றவர்களிடம் "அது என்ர கோப்பை கழுவுற பெடியன்" என்று பெருமை அடித்தாராம்.

ஆட்டம் முடியும் தறுவாய். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். நல்ல மழை. எங்கள் கோலடிக்கு ஒரு பந்து ஈரத்தில் மினுங்கிக்கொண்டு உயர வந்தது. கழுவும் மெஷினிலிருந்து எடுக்கும்போது நழுவும் கோப்பை அப்படித்தான் வரும். உடைந்தால் ஷெஃப் தோலை உரித்துவிடுவார். கை யோசிக்கவில்லை. பேக்கரிக்காரனின் தோளுக்கு மேலால் ஏறி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டேன்.

விசில் ஊதியது.

விசில் என்றால் பிழை. பிழைவிட்டவன் பந்தை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுக்கவேண்டும். "ஸொறி" சொல்லி, பந்தை ஒருமுறை துடைத்து, பேக்கரிக்காரனின் கையில் கொடுத்தேன்.

அவன் பந்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தாங்க்ஸ்" என்றுவிட்டு உதைத்தான். கோல். அந்த விளையாட்டில் ஒரு கோலுக்கு ஆறு புள்ளி.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். நான் கைக்கு எட்டியதை அடுத்தவனுக்குத் துடைத்துக் கொடுத்தவன். மழையிலேயே பெனியனைக் கழட்டி, பிழிந்து, மடித்து, டேவிடம் கொண்டுபோனேன். டேவ் புல்லில் கிடந்து உருண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீ பிடிச்சனி. அதைக் கண்டனியோ?"

"ஓம். ஆனா குடுத்திட்டன்."

"குடுக்கிறதை நாளைக்கே மறக்கப் பண்ணலாம். பிடிக்கப் பழக்க எனக்கு ஒரு கோடை போச்சு. குளிருது, போடு அதை."

பனிக்காலம் தொடங்க, ஷெஃப் என்னைக் கூப்பிட்டார். சலாட் பக்கம் ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்றார். எனக்கு என்ன தெரியும், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சட்டிகளுக்குப் பின்னாலிருந்து சிவமண்ணையின் குரல் வந்தது.

"டேய், விசில் ஊதியாச்சு. குடுத்திடாதை."

நான் குடுக்கவில்லை. அந்தக் குசினியிலேயே சமையற்காரனாகி, ஓய்வுபெறும் வயதும் கிட்டிவிட்டது. பெனியன் இன்னும் என்னிடம்தான். இப்போது வயிற்றைத் தாண்டி இறங்காது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன்: விசில் கேட்டதும் ஸொறி சொல்லாதீர்கள். சிலவேளை அது உங்களுக்காகத்தான் ஊதியிருப்பார்கள்.