பைரோடெக்னிக்கலின் மூன்றாம் அசை

ஐந்து அசையுள்ள ஒரு சொல்லில் மூன்றாவது அசை முடிந்ததுமே என் அப்பா என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார். எந்தப் பேச்சாளருக்கும் நேராத அவமானம் இது. நாற்பது வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

சொல், பைரோடெக்னிக்கல். வாணவேடிக்கை சம்பந்தப்பட்ட என்று பொருள். பள்ளிக்கூடத்து ஆங்கில உச்சரிப்புப் போட்டியில் எனக்கு வாய்த்தது. சார் அதைக் கறிக்கடைக்காரர் மாதிரி துண்டு போட்டுக் கொடுத்தார். பைரோ என்றால் நெருப்பு, டெக்னிக் என்றால் வித்தை, கடைசியில் தொங்கும் அல் வெறும் வால். பை, ரோ, டெக், னி, கல். அழுத்தம் டெக்கில். அது மறக்காமலிருக்க அந்த இடத்தில் தரையை ஓங்கி மிதிக்க வேண்டும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

மறுநாள் போட்டி. அப்பா கேட்டு, சரி என்று சொன்னால்தான் மேடையேறுவதென்று இருந்தேன். அவரோ தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன். தீபாவளி சீசனில் வீட்டில் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே நானே போனேன். வாட்ச்மேன் போர்மேன் மகளைத் தடுக்கவில்லை. வெடிமருந்து கலக்கும் ரூமில் அப்பாவும் அங்கே வேலை பார்த்த அத்தையும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். அந்த ரூமில் ஒரு டப்பாவைக்கூடத் தூக்கித்தான் வைப்பார்கள், தரையில் இழுக்க மாட்டார்கள். நான் அடியில் இரும்பாணி அடித்த பள்ளிக்கூட ஷூவோடு படி தாண்டி நின்று, "பை, ரோ, டெக்" என்று ஓங்கி மிதித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. அத்தை எதிர்வாசல் வழியாக வெளியே பாய்ந்தாள்.

"காலைத் தூக்காத புள்ள. அங்கனயே நில்லு," என்றார் அப்பா, தாலாட்டுகிற குரலில்.

மெல்ல வந்து, என் கால் தரையில் உரசாமல் அப்படியே மேலே தூக்கி, நெஞ்சோடு அணைத்து, அடிமேல் அடிவைத்து நடந்து, தூரத்து வேப்பமரத்தடியில் இறக்கினார். அதன்பிறகுதான் கன்னத்தில் அறை விழுந்தது.

"வார்த்தைய வாயாலதான தாயி சொல்லணும்? காலு எதுக்கு?" என்றாள் அத்தை, மூச்சு வாங்க.

சார் சொல்லிக்கொடுத்த அழுத்தம் என்றேன்.

"அந்தச் சாரை இங்கன வந்து மிதிக்கச் சொல்லு," என்றார் அப்பா.

மிச்சமிருந்த இரண்டு அசையை அவர் கேட்கவே இல்லை. நெருப்பு, வித்தை, வால் என்று பொருளெல்லாம் சுத்தமாகச் சொல்லக்கூடிய பத்து வயதுப் பெண்ணை, கம்பெனியே பார்க்க, கைக்குழந்தை மாதிரி தூக்கியதும் போதாதென்று அறை வேறு. வழிநெடுக அவர் கைகள் வெடவெடவென்று நடுங்கின. நான் என்ன அம்புட்டுக் கனமா? அந்தக் கோபத்தில் மறுநாள் போட்டிக்குப் போகவில்லை. ஒரு வாரம் இரண்டு இட்லிக்கு மேல் தொடவுமில்லை.