ஐந்தாவது வீட்டுக்கு ஐந்தாம் பாகம்

எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் புதிதாக ஒரு விதி போட்டார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த நூலையும் எழுத்தாளரையும் பற்றி மூன்று நிமிடம் பேசலாம். கதையின் முடிவை மட்டும் சொல்லக் கூடாது. கோலா சிலாங்கூரில் ஒரு பல் வைத்தியரின் கடைக்கு மேல்மாடியில்தான் நாங்கள் கூடுவது. அன்றைக்கு வந்தவர்கள் பதினேழு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மொத்தம் ஐம்பத்தொரு நிமிடம். தேநீருக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

என் முறை வந்தது. எனக்குப் பிடித்த எழுத்தாளர் மழைக்காரர் என்றேன். அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதில்லையே ஐயா, முழுப் பெயர் என்ன என்று கேட்டாள் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் பெண். தெரியாது என்றேன். நூலின் பெயர்? அதுவும் தெரியாது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் விளக்க ஆரம்பித்ததுமே மணியை அடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அறுபது வருடத்துக்கு மேலாக நான் தூக்கிக்கொண்டு திரியும் ஓர் அநியாயத்தை மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியுமா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தஞ்சோங் காராங் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் பாதையில், ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடுகள். எங்களுடையது ஐந்தாவது. அப்பா, அம்மா, நான், தங்கை, கல்யாணம் ஆகாத சித்தப்பா என்று அதில் ஐந்து பேர். சித்தப்பா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தார். உடம்பெல்லாம் புகை வாசம். கதைப் புத்தகம் என்றால் உயிர்.

எட்டு வீடும் சேர்ந்து மாதம் ஒரு கதைப் புத்தகம் வாங்குவது என்று அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு புத்தகத்தை முழுதாகக் கைமாற்றினால் கடைசி வீட்டுக்கு வர மாதக்கணக்கில் ஆகும் அல்லவா? அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். டவுனிலிருந்து புத்தகம் வந்த அன்றே பழைய பிளேடால் அதன் முதுகை அறுத்து எட்டுப் பாகமாகப் பிரித்துவிடுவார். ஒவ்வொரு பாகத்தையும் சாக்கு தைக்கும் நூலால் தைத்து, கிழித்த நாள்காட்டித் தாளில் அட்டை போட்டு, மேலே கலர் பென்சிலால் பெரிதாக எண் எழுதுவார். முதல் வீட்டுக்கு ஒன்றாம் பாகம், இரண்டாவது வீட்டுக்கு இரண்டாம் பாகம் என்று ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டுக்கும் போய்விடும். அதன்பிறகு புதன், ஞாயிறு இரண்டு நாளும் எல்லாரும் தங்களிடம் இருப்பதை முந்தின வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் எட்டு வீடும் எட்டுப் பாகத்தையும் படித்துவிடும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்தாவது வீட்டில் இருந்து பாருங்கள், தெரியும். எங்களுக்கு எல்லாக் கதையும் ஐந்தாம் பாகத்தில்தான் தொடங்கும். யாரோ ஒருவன் யாரோ ஒருத்தியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். எதற்கு என்று தெரியாது. எட்டாம் பாகத்தில் முடிவைப் படித்துவிட்டு, அதன்பிறகு ஒன்றாம் பாகத்துக்குப் போய், நாலாம் பாகத்தில் கதையை முடிப்போம். என் வாழ்க்கையில் பதினொரு வயதுவரை ஒரு கதைகூடக் கடைசியில் முடிந்ததில்லை.

இதனால் லயத்தில் தினமும் சண்டை. குழாயடியில் இரண்டாவது வீட்டு அண்ணன் கதையில் வரும் டாக்டர் தங்கமான மனிதர் என்பார். அவனைப் போல அயோக்கியன் உண்டா என்பார் நாலாவது வீட்டு அக்கா. இரண்டு பேர் சொல்வதும் சரி. அவரவர் கதைக்குள் நுழைந்த இடத்தில் அந்த டாக்டர் அப்படித்தான் இருந்தான்.

முதல் வீடு மண்டோர் வீடு. வேலைக்காட்டில் எங்களை மேற்பார்வை பார்ப்பவருடைய வீட்டில் மட்டும் எல்லாக் கதையும் ஒழுங்காக ஒன்றில் தொடங்கி எட்டில் முடியும். அது போதாதென்று, புத்தகத்தின் அட்டையும் பெயர் போட்ட தாளும் அவர்கள் வீட்டிலேயே நின்றுவிடும். மண்டோர் வீட்டு அம்மா அதை ஆணியில் குத்தி அழகு பார்ப்பார். மற்ற ஏழு வீட்டுக்கும் எழுதியவர் பெயர் தெரியாது. நாங்களாகத்தான் பெயர் வைத்துக்கொண்டோம். பக்கத்துக்குப் பக்கம் அழ வைப்பவர் கண்ணீர்க்காரர். எல்லாக் கதையிலும் ரயிலை ஓட விடுபவர் ரயில்காரர். மழை பெய்யாமல் ஒரு அத்தியாயத்தைக்கூடத் தொடங்கத் தெரியாத என் ஆள் மழைக்காரர். பெயரே தெரியாமல் ஒரு எழுத்தாளரை உயிருக்குயிராக நேசிக்க முடியும் என்பதை அந்தப் பின்வரிசைக்காரர்களுக்கு யார் சொல்வது?

எட்டாவது வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. தனியாகத்தான் இருந்தாள். மாமா சிங்கப்பூரில் கப்பல் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்வார்கள். நான் நடக்கப் பழகும் முன் போனவர். திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை, வரவில்லை. வீட்டில் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். எனக்கும் அப்போது அதில் அக்கறை இல்லை. என் அக்கறையெல்லாம் வேறு. முதல் வீட்டில் படித்து முடித்த பாகம் எட்டாவது வீட்டுக்குப் போக வேண்டும். மண்டோர் வீட்டு அம்மா கடைசி வீடுவரை நடப்பாரா? அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஒன்றாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் சொந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போய், அத்தையிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். நடந்துகொண்டே படிப்பேன். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் மூன்று பக்கத்துக்கு மேல் படிக்க முடியாது. அதற்குள் அத்தை வாசலில் நின்று கையை நீட்டிவிடுவாள்.

பதினொரு வயதில் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு அட்டையில் எட்டு வட்டம் போட்டு, மாதத்துக்கு ஒரு வீடு என்று தொடக்கத்தை மாற்றிக்கொண்டே போனால், எட்டு மாதத்தில் எட்டு வீட்டுக்கும் ஒருமுறை ஒன்றாம் பாகம் முதலில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். சித்தப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கணக்கு சரிதான் என்றார். ஆனால் முறை மாறாது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். ஏன் என்று கேட்டேன், புகைக் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார். மண்டோருக்குப் பயந்துகொண்டு ஒன்றாம் பாகத்தைத் தூக்கிக் கொடுக்கிறார் என்று முடிவு செய்தேன். அவரும் எங்களோடு ஐந்தாம் பாகத்திலிருந்துதான் படித்தார். தன் பங்கைக்கூடக் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர் என்று அவர்மேல் ஒரு இளக்காரம்.

அடுத்த புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பாகம் வாங்கக் குழாயடியில் கூடியபோது, என் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பேசிவிட்டேன். அப்பா என் காதைத் திருக எழுந்தார். அதற்குள் மண்டோர் வீட்டு அம்மா முந்திக்கொண்டார்.

“எங்க வீடு ஒன்னாம் நம்பரு. ஒன்னாம் நம்பருக்கு ஒன்னாம் பாகம். இதுல என்னா தப்பு இருக்கு லா?”

“அப்ப சம்பளமும் ஒன்னாம் நம்பர்ல ஆரம்பிச்சு எட்டோட தீந்துரும் போல,” என்றார் இரண்டாவது வீட்டு அண்ணன். தோட்டத்து லோரி ஓட்டுபவர். யாருக்கும் பயப்படமாட்டார்.

நாலாவது வீட்டு அக்கா என் பக்கம் சேர்ந்துகொண்டார். “பையன் சொல்றது நாயந்தானே? யாரு, எவரு, எதுக்கு அழுவுறாங்கன்னு தெரியாமலே நாலு வருசமா நானும் கூட உக்காந்து அழுவுறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. எட்டாவது வீட்டுக்கு, என்று ஏதோ சொல்ல வந்து, அத்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அத்தை தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“மாத்திக்கலாம் தம்பி,” என்றாள் சித்தப்பாவிடம். “மருமவன் கணக்குத் தப்பாது.”

ஜெயித்துவிட்டேன். புத்தகத்தின் அட்டை மட்டும் தன் வீட்டு ஆணிக்குத்தான் வர வேண்டும் என்று மண்டோர் வீட்டு அம்மா பிடிவாதமாக அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். போகட்டும். கணக்குப் போட்டவன் என்பதால் முதல் முறை எங்கள் வீட்டுக்கே கிடைத்தது. ஒன்றாம் பாகத்தைப் பிரித்தேன். முதல் வரியிலேயே மழை. மழைக்காரர்! ஐந்தாவது வீட்டில் ஒன்று என்றால் எட்டாவது வீட்டில் நாலு. அத்தை நாலாம் பாகத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரம். நான் வாசலில் உட்கார்ந்து ஒன்றாம் பாகத்தை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். அத்தை எங்கள் வீட்டைத் தாண்டி நாலாவது வீட்டுக்குப் போனாள். வேலைக்கும் குழாயடிக்கும் தவிர அவள் வரிசையில் நடந்து நான் பார்த்ததே இல்லை. பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அந்த எட்டாம் பாகம் ஒங்ககிட்டத்தான இருக்கு? கடைசித் தாள மட்டும் பாத்துட்டுக் குடுத்துர்றேன். அந்த ஆளு மழையில எறங்கிப் போறானே, அதான்.”

அந்த அக்கா தாராளமாக உள்ளே போய்ப் பாகத்தை எடுத்து வந்துவிட்டார். என் கணக்கு தொடங்கி மூன்றாம் நாளே குலைகிறது. நான் சும்மா இருப்பேனா? ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

“அத்த, ஒங்க முறை இன்னும் வரல. இந்த ஞாயித்துக்கெழம இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழமதான் ஒங்களுக்கு எட்டு.”

நீட்டிய கையை அத்தை மெதுவாக இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் ஞாபகம். “ஆமால்ல. முறைன்னா முறைதான்,” என்று திரும்பி நடந்தாள்.

“ஒனக்கு இந்த வயசுல இவ்ளோ சட்டம் ஆகாதுடா,” என்றார் அந்த அக்கா. இரண்டு நாளைக்கு முன் எனக்காக வாதாடிய அதே அக்கா. ஆட்கள் இவ்வளவுதான்.

மறுநாள் புதன். மண்டோர் வீட்டிலிருந்து ஐந்தாம் பாகத்தை வாங்கி எட்டாவது வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த மாதம் வேலை கிடக்கிறது, படிக்கவில்லை, ஏழாவது வீட்டுக்கே கொடுத்துவிடு என்றாள். படி மேல் நாலாம் பாகம் தயாராக இருந்தது. ஏழாவது வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு பாகம் போனது. எவ்வளவு அழகாகச் சுற்றிய கணக்கு! ஒரு வீடு விலகியதால் அந்த மாதம் முழுக்க நொண்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எட்டாம் பாகம் வரைக்கும் வரிசையாகப் படித்து முடித்தேன், முடிவும் தெரிந்தது. அத்தையிடம் சொல்லவில்லை. முடிவைச் சொல்லக் கூடாது என்று அப்போது விதி எதுவும் இல்லை. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் சித்தப்பா கூட்டம் எதுவும் போடவில்லை. பழையபடியே முதல் வீட்டுக்கு ஒன்று, எட்டாவது வீட்டுக்கு எட்டு என்று கொடுத்துவிட்டார். நான் குழாயடியில் நின்று கத்தினேன். எனக்கு முறை கிடைத்துவிட்டது, மண்டோர் வீடு போக மற்ற ஆறு வீட்டுக்கும் கிடைக்க வேண்டாமா என்று கேட்டேன். எனக்காகவா கேட்டேன்? லோரி அண்ணன் இரண்டாம் பாகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நாலாவது வீட்டு அக்கா நாலாம் பாகத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். ஒவ்வொருவராகப் பார்த்தேன். எட்டு வீட்டில் என் பக்கம் ஒருவர்கூட இல்லை. நியாயம் என்று சொன்ன வாயெல்லாம் ஒரே மாதத்தில் எங்கே போயிற்று என்று இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

புதன்கிழமை ஒன்றாம் பாகத்தை வாங்க மண்டோர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னைக் குத்திக்காட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பாகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, “சீக்கிரம் போ லா, எட்டாவது வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க,” என்றார், அவ்வளவுதான். இருந்த ஆத்திரத்தில் வழியில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று பக்கமும் போனது.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். எட்டாம் பாகத்தை முடித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒன்றாம் பாகத்தை வாங்கிக்கொண்டு, என் தலையில் கை வைத்தாள்.

“பயப்படாமப் படிய்யா மருமவனே,” என்றாள். “கடைசியில எல்லாரும் வீட்டுக்கு வந்துர்றாங்க.”

எங்களுக்கு எட்டாம் பாகம் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் கையைத் தட்டிவிட்டு ஓடினேன். ஒன்றாம் பாகத்தையும் பிடுங்கிக்கொண்டது போதாதென்று இருந்த முடிவையும் சொல்லிக் கெடுத்துவிட்டாளே என்று, அடுத்த புதன் வரைக்கும் நான் அத்தையோடு பேசவே இல்லை.