மல்லிகாவின் ஃபிளாப்பி

மல்லிகாவின் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்தது வைரஸ் அல்ல. நான்தான்.

இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. கொல்லிமலையில் ஒரு விவசாயிகள் சங்க அலுவலகம். இரண்டு கணினிகள், இரண்டையும் இணைக்கும் ஒரு ஹப் பெட்டி. ஒன்றில் நான், மற்றொன்றில் மல்லிகா. மலையின் ஒரு பகுதியான ஆலத்தூர் நாட்டில் ஊர் ஊராக நடந்து, மிளகு நாற்று தேவைப்படும் குடும்பங்களின் பட்டியலை நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தாள். அதை என் திரையிலும் திறந்து பார்ப்பேன்.

எங்கள் மலையில் இடி கேட்டாலே எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுவோம். அன்று மாலையும் பிடுங்கினேன். மறுநாள் காலை அவசரமாகத் திரும்பச் செருகினேன். அவள் கணினி என் திரையில் தெரியவில்லை.

ஹப்பை ஒருமுறை பார்த்திருக்கக் கூடாதா... பார்க்கவில்லை. நாமக்கல்லில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து வந்த மேதாவி அல்லவா நான்! அவள் கணினியில் கோப்புப் பகிர்வை நீக்கி மறுபடி கொடுத்தேன். பாஸ்வேர்டை எடுத்தேன். மதியம் வரை மல்லுக்கட்டிவிட்டு, அவள் கணினியை முழுக்க அழித்து ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்றேன்.

"பட்டியல் போயிராதுங்களா அண்ணா?"

"அது என் கம்ப்யூட்டர்ல இருக்குது அம்மிணி. தெனமும் நாந்தான் பாக்கறனே."

நம்பித்தான் சொன்னேன். என் திரையில் நான் பார்த்தது அவள் கணினிக்குள் இருந்த கோப்பைத்தான் என்பது... அப்போது எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்தும் இணைப்பு வரவில்லை. அப்போதுதான் ஹப்பைப் பார்த்தேன். வேறு வேலைக்கென்று ஓரத்தில் இருந்த துளையில் அவள் ஒயரைச் செருகியிருந்தேன். மாற்றிச் செருகியதும் அவள் கணினி தெரிந்தது. பட்டியல் அதில் இல்லை. என்னுடையதிலும் இல்லை.

சங்கச் செயலாளர் வந்து பட்டியல் எங்கே என்று கேட்டார். "வைரஸ்ங்க. மல்லிகா வெளிய இருந்து ஃபிளாப்பி கொண்டாந்து போட்டிருச்சு" என்றேன்.

மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். "ஒரே ஒருக்கா எந்தம்பி விண்ணப்பத்த அடிக்கப் போட்டனுங்க... அதாலயா அண்ணா?"

நான் தலையாட்டினேன். அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தெரியாமல் அழித்ததை நீங்கள் மன்னிக்கக்கூடும். அந்தத் தலையாட்டலை...?

சில ஆண்டுகள் கழித்து வாழவந்தி நாட்டுப் பேருந்தில் அவளைப் பார்த்தேன். மடியில் குழந்தை. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"அன்னிக்கு என்னால உங்களுக்கும் கெட்ட பேருங்க அண்ணா. அந்த ஃபிளாப்பிய நான் போட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

சொல்லியிருக்கலாம். இறங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"பரவால்ல உடு அம்மிணி" என்றேன். நான் அவளை மன்னித்துவிட்டேன்.