எடுத்து வைக்காத தட்டு

எங்கள் வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் நான்தான் படிக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் காகிதம், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, உரமூட்டையின் பின்பக்கம், எல்லாம். கரும்புக் கொல்லையிலிருந்து நைனா சேற்றுக் காலோடு வந்து வாசலில் நின்றபடியே காகிதத்தை நீட்டுவார். நான் படிப்பேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லையென்று பொய் சொல்லப் போவதில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடம் எனக்கு ஒருத்தி படித்துச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில், மகளிர் பெட்டியில் பழக்கமானவள் அவள். மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பம். அவள் அப்பா இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். ஆங்கில வழியில் படித்தவள், கால் சென்டரில் பகல் ஷிப்ட். நான் இதழியல் முதுகலை. ரயில் எங்கள் ஊரிலிருந்தே புறப்படுவதால் முன்னால் வருகிறவர்கள் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். ஜன்னலோரத்தில் எனக்காக அவளுடைய மஞ்சள் துப்பட்டா கிடக்கும். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வாள்.

அவள் போனில் கொரியப் படங்கள் பார்ப்போம். இயர்போனில் ஒரு முனை அவள் காதில், மறுமுனை என் காதில். அவர்கள் பேசுவது இரண்டு பேருக்கும் புரியாது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் படிப்பேன், ஆனால் உள்ளங்கை அகலத் திரையில், ஆடுகிற ரயிலில், நான் பாதி வரி படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. முதல் நாளே ஒன்று சொன்னேன்:

“எனக்குக் கண்ணு வலிக்குதுடி. நீயே படிச்சி சொல்லிடு.”

சொன்னாள். மறுநாள் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் வாங்கி வந்தாள். வேறு வழியில்லாமல் மூன்று நாள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு இயக்குநர்களை மட்டும் நாங்கள் தேடித் தேடிப் பார்த்தோம். உலகம் முழுக்கப் பேசுகிற பெரிய ஆட்கள். அவர்கள் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் ஒருவரைச் ‘சாப்பாட்டுக்காரர்’ என்றோம். அவர் படத்தில் எந்தக் குடும்பமாக இருந்தாலும் ஒரு பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மற்றவர் ‘கண்ணாடிக்காரர்’. அவருடைய ஆட்கள் கண்ணாடி முன்னால் நிற்பார்கள், கையுறை போடுவார்கள், பூப்போட்ட சுவருக்கு முன்னால் நின்று ஒருவரை ஒருவர் அழிப்பார்கள்.

நான் சாப்பாட்டுக்காரர் கட்சி. ஒற்றை அறையில் ஐந்து பேர் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. யார் கை முதலில் நீளும், யார் பசியில்லை என்று பொய் சொல்வார்கள் என்பதுவரை தெரிந்திருந்தது. கேமராவைக் கிட்டே கொண்டுபோக மாட்டார். தள்ளி வைத்து, எல்லோரையும் ஒரே சட்டத்துக்குள் உட்காரவிடுவார். சிரித்துக்கொண்டே இருப்போம். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று பிறகு யோசித்தாலும் பிடிபடாது.

அவள் கண்ணாடிக்காரர் கட்சி.

“எவ்ளோ சுத்தமா கெட்டுப் போறாங்க பாரு,” என்பாள். “பழி வாங்குறதுக்குப் பத்து வருஷம் காத்துகினு இருந்து, அந்த நாளைக்குன்னு புதுச் செருப்பு வாங்கிப் போட்டுகினு போறாடி. உங்காளு படத்துல ஒருத்தனாச்சும் தலை வாரிக்கிறானா?”

“வேலை செய்றவங்க எப்டி வாருவாங்க?”

“ஏன், எங்கப்பா வேலை செய்யல? அம்மாம் புகையில நின்னாலும் தலை கலையாது.”

“உங்கப்பாவுக்கு முடி எங்க இருக்குது கலையறதுக்கு?”

எதிர் இருக்கையில் பூ கட்டிக்கொண்டு வரும் அம்மாள்கூடச் சிரித்துவிட்டார். இப்படித்தான் இரண்டு வருடம் போனது.

எங்கள் துறையில் ஆண்டுக்கு ஒரு இதழ் அச்சிடுவார்கள். அதற்கு இந்த இருவரையும் ஒப்பிட்டு நான் ஒரு கட்டுரை எழுதினேன். பேராசிரியை படித்துவிட்டு, துறை மாணவர்களின் திரைப்பட வட்டத்தில் ஒருமுறை வாசித்துக் காட்டு, பிறகு அச்சுக்குக் கொடுக்கலாம் என்றார். வீட்டில் சொன்னேன்.

“புக்குல உன் பேரு வருமா?” என்றார் நைனா.

“வரும்.”

“எங்க அப்பன் பேரோட முதலெழுத்தும் வருமா?”

“உன் பேரோட முதலெழுத்துதான் நைனா என் பேரு முன்னால வரும்.”

மறுநாளே டீக்கடையில் சொல்லிவிட்டார். புத்தகம் எழுதுகிற பெண் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. ஒரு கட்டுரைதான் என்று நான் சொன்னால் அவர் காதிலேயே வாங்கவில்லை. எங்கள் பெயர் இதுவரை அச்சில் வந்ததென்றால் ரேஷன் அட்டையில்தான்.

கட்டுரையின் உயிர் ஒரு காட்சியில் இருந்தது. சாப்பாட்டுக்காரரின் பழைய படம் ஒன்று. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் அக்காவும் தம்பியும். தம்பி முதலாளியை அடித்துவிட்டு ஒளிந்துகொள்கிறான். போலீஸ் எப்படியோ இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. கடைசியில் சிறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அக்கா. நான்கு நிமிடம் அவள் மட்டும் பேசுகிறாள். கண்ணீர் வருகிறது, ஆனால் உதட்டில் ஏதோ சிரிப்பு. ரயில் ஆவடியில் நின்றிருந்தபோது தோழி என் காதில் சொன்னாள்: “எத்தனை வருஷம் ஆனாலும் சாப்பிட உக்காரும்போது உனக்கொரு தட்டு எடுத்து வெப்பேன்னு சொல்றா.”

அந்தத் தட்டின்மேல் கட்டுரையைக் கட்டினேன். கண்ணாடிக்காரரின் உலகில் நேசிப்பவர்களே துரோகம் செய்வார்கள், சாப்பாட்டுக்காரரின் உலகில் ஏழைகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், இதுதான் இருவருக்கும் உள்ள வித்தியாசம் என்று எழுதினேன். தலைப்பே ‘எடுத்து வைத்த தட்டு’.

வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். பின்வரிசையில் முதலாண்டு மாணவன் ஒருவன் கை தூக்கினான்.

“அக்கா, அந்தப் படத்துல தம்பியைக் காட்டிக் குடுக்குறதே அந்த அக்காதானே?”

இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். அவன் விடவில்லை. வேறு இரண்டு பேரும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். பேராசிரியை, “சண்டை எதுக்கு, போட்டே பாத்துடலாம்,” என்று அந்தக் காட்சியைச் சுவர்த் திரையில் போட்டார்.

எழுத்துகள் ஒவ்வொன்றும் என் கையளவு இருந்தன. அக்கா நிறுத்தி நிறுத்திப் பேசினாள். முதல்முறையாக ஒரு வரிகூட விடாமல் நானே படித்தேன். நீ இருக்கும் இடத்தைச் சொன்னது நான்தான். சொன்னால் கடையில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். வைக்கவில்லை. இனி என்னைத் தேடாதே. நான் கடையை விற்று ஊரை மாற்றிக்கொண்டேன்.

தட்டு என்ற பேச்சே இல்லை.

“மேடம் எந்தப் படத்தைப் பாத்தீங்க?” என்று யாரோ என்னைக் கேலியாகக் கேட்டார்கள். அறை சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. “இதை இப்படியே அச்சுல போட முடியாதும்மா. ஒரு வாரம் தர்றேன். சரியா பாத்து எழுதிக் குடு. இல்லன்னா வேற கட்டுரை போட்டுக்குவோம்,” என்றார்.

சாயங்காலம் சென்னையில் புறப்படக் காத்திருந்த ரயிலில் வழக்கம்போல மஞ்சள் துப்பட்டா கிடந்தது. நான் நின்றபடியே கேட்டேன்.

“மீன் கடை அக்கா கடைசியில இன்னாடி சொன்னா?”

முதலில் புரியாததுபோலப் பார்த்தாள். பிறகு இயர்போன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

“உக்காரு முதல்ல.”

“சொல்லு.”

“அதுக்கு முன்னாடி ஒரு படம் பாத்தோமே, குத்தகைக்காரன் படம். அரக்கோணம் வரைக்கும் தேம்பித் தேம்பி அழுதுகினு வந்த. பொட்டியே திரும்பிப் பாத்துச்சி. உங்க வூட்டுக் கதை மாதிரி இருக்குதுன்னு நீதானே சொன்ன? இதையும் சொன்னா உனக்குத் தாங்காதுன்னு…”

“எங்க வூட்டுல யார் யாரைக் காட்டிக் குடுத்தாங்க?”

“அப்டி சொல்லலடி.”

“எத்தினி படத்துல மாத்துன?”

“அவரு படத்துல மட்டும். கொஞ்சம் கொஞ்சம்.”

“கண்ணாடிக்காரர் படத்துல?”

“அதுல எதுக்கு மாத்தணும்? அது பணக்காரங்க கதை.”

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் எந்தக் கபடமும் இல்லை. என்னை அறைந்தது அதுதான். பணக்காரர்களின் துரோகத்தை நான் முழுதாகக் கேட்கலாம். ஏழைகளின் துரோகத்தை எனக்கு மசித்து ஊட்ட வேண்டும். எனக்கென்று அவள் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கலும் அப்படித்தானோ என்று அந்த நேரம் தோன்றியது.

“எல்லார் எதிர்லயும் நின்னேன்டி. நீ சொன்னதை என் சரக்குன்னு சொல்லிகினு நின்னேன்.”

“நீ எழுதப் போறேன்னு எனக்கெப்டி தெரியும்? எழுதிட்டு எங்கிட்ட காட்டினியா?” அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “கண்ணு வலின்னு ரெண்டு வருஷம் சொன்னியே, அது மட்டும் நெசமா? தெரிஞ்சும் ஒரு நாளாச்சும் கேட்டேனா?”

பெட்டி முழுவதும் எங்களைப் பார்த்தது. நான் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

அந்த வாரம் தினமும் வேறு பெட்டியில், என் சொந்த போனில் படம் பார்த்தேன். ஒரு வரி, நிறுத்தம், தெரியாத சொல்லுக்கு அகராதி, மறுபடி ஒரு வரி. மீன் கடைப் படத்துக்கு மட்டும் போக வர நான்கு நாள் பிடித்தது. முன்பு சேர்ந்து பார்த்தபோது கவனிக்காத ஒன்றை மூன்றாம் நாள்தான் கண்டேன். தம்பி ஒளிந்துகொண்ட பிறகு ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா இரண்டு தட்டு எடுக்கிறாள். ஒன்றைப் பார்க்கிறாள். மறுபடி அலமாரியில் வைத்துவிடுகிறாள். பேச்சே இல்லாத காட்சி. தோழி அந்தத் தட்டை அங்கிருந்து எடுத்துவந்து கடைசிக் காட்சியில் வைத்திருக்கிறாள். பொய்யைக்கூடப் படத்துக்குள்ளிருந்தே செய்திருந்தாள். நன்றாகவும் செய்திருந்தாள். அதற்காக இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

கட்டுரையைப் புதிதாக எழுதினேன். கண்ணாடிக்காரரின் ஆட்கள் துரோகத்தைத் திட்டம் போட்டுச் செய்கிறார்கள். அதற்காக உடை மாற்றிக்கொள்கிறார்கள், ஏமாந்தவன் தன்னைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடிக்காகவே வாழ்கிறார்கள். சாப்பாட்டுக்காரரின் ஆட்கள் யாரும் அப்படிக் கிளம்புவதில்லை. ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு எழுந்து, கை கழுவிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான். முன்னவர் படத்தில் யாரை வெறுப்பது என்று எனக்குத் தெரிகிறது, பின்னவர் படத்தில் தெரியவில்லை. அதனால் பின்னவரே கொடியவர் என்று எழுதினேன், பெரியவர் என்றும் எழுதினேன். எழுதும்போது என் மனதில் ஓடியது வேறு. அவள் கண்ணாடிக்காரரின் ரசிகை. எனக்குச் செய்தது சாப்பாட்டுக்காரர் படத்தில் வருகிற காரியம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். போன வருடம் புத்தூர் பக்கத்திலிருந்து நைனாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். வழக்கம்போல நைனா போனை என்னிடம் நீட்டினார். “இப்ப வேணாம், வேற இடம் பாக்குறோம்னு போட்டிருக்காங்க நைனா,” என்று படித்துக் காட்டினேன். “போனாப் போறாங்க, உனக்கு இன்னா கொறச்சல்,” என்றார். அன்று இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டார். நான் படிப்பை முடிப்பதற்காகச் செய்தேன், எனக்காகச் செய்தேன், அவர்மேல் இரக்கப்பட்டு அல்ல. நான் செய்ததும் அவள் செய்ததும் ஒன்றில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இதழ் வந்தது. நைனா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் பெயர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். முதலெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“இன்னா எழுதிக்கிற, படி.”

முழுவதும் படித்தேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. பாதியில் அவர், “யாரும்மா அந்தக் கொரியாக்காரன், நம்ம பங்காளிங்களை எங்க பாத்தான்?” என்றார். அம்மா சிரித்து அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன். இந்த வீட்டில் யாருக்கும் எதையும் மசித்து ஊட்ட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை வேண்டுமென்றே மகளிர் பெட்டிப் பக்கம் நடந்தேன். ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஜன்னலோரத்தில் மஞ்சள் துப்பட்டா கிடந்தது. பூ கட்டும் அம்மாள் என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா? தினம் யாரையும் உக்கார வுடாம சண்டை போட்டுகினு இருக்குதும்மா இந்தப் பொண்ணு,” என்றார். அவள் துப்பட்டாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

எடுத்து வைத்த தட்டு என்று அப்போது எனக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள்மேல் கோபம் மறுபடி ஏறியது. அதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.

நான் அந்த இடத்தில் உட்காரவில்லை. எதிரில், பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில் நகர்ந்த பிறகு பையிலிருந்து இதழை எடுத்து, என் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். தலைப்பைப் பார்த்தாள். பழக்க தோஷம், வாய் திறந்து முதல் வரியைச் சத்தமாகப் படிக்கப் போனாள்.

“வேணாம்,” என்றேன். “நீயே படிச்சிக்க. எனக்குப் படிச்சி சொல்லாத.”

அரக்கோணம் வரும்வரை அவள் தலை நிமிரவில்லை. ஜன்னலோர இடம் காலியாகவே வந்தது.