பிரசவ அறையில் ஓபரா கேட்டவர்

எஸ்தர் சிஸ்டர் இறந்துவிட்ட செய்தி எனக்கு ஃபோனில் வந்தது. பேசியவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நடந்து வந்து சொல்ல ஆயா செல்விக்குக் கால் வரவில்லை. மருந்தக ஜன்னலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நான், "எந்த எஸ்தர்?" என்று கேட்டேன். எங்கள் மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எஸ்தர் ஒருவர்தான்.

அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும், உங்களை அறியாமலேயே, ஓபரா கொஞ்சம் தெரியும். சேலத்தில் சர்ச் பாடகர் குழுவில் பாடியவர் அவர். கதை முழுவதையும் பாடியே நடிக்கும் அந்த மேலைநாட்டு நாடகத்தை ஃபோனில் கேட்டபடிதான் மதியம் சாப்பிடுவார். எங்களுக்கும் பாடம் நடக்கும். "ரெசிடேட்டிவ்னா பேச்ச ராகத்துல இழுக்கறது. கதை நகரும். ஆரியான்னா கதை அப்படியே நின்னுரும், மனசு மட்டும் பாடும்."

இந்தப் பாடத்தைப் பிரசவ அறையிலும் பயன்படுத்தினார். வலியில் இருப்பவளால் புருஷனைத் திட்ட முடிகிற வரை ரெசிடேட்டிவ். வார்த்தை போய் வெறும் குரலானால் ஆரியா. "இன்னும் ரெசிடேட்டிவ்தாங்க சார், டீ குடிச்சுட்டு வாங்க" என்பார். புதிதாக வந்த டாக்டர் அந்தச் சொல்லை மகப்பேறு புத்தகத்தில் தேடினார்.

ஒருமுறை, மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான தேவனூர் நாட்டிலிருந்து வந்த பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "எங்கூட்டுப் பொம்பளைங்க சத்தம் போட மாட்டாங்க" என்றார் மாமியார், பெருமையாக.

"கவுரவத்தச் செருப்போட வெளிய விட்டுட்டு வாங்கம்மா" என்ற சிஸ்டர், அவள் கையைப் பிடித்தார். "கத்து கண்ணு. நீ சொன்னாத்தான சாமி எனக்குத் தெரியும்?"

அவள் கத்தவில்லை. சிஸ்டரே கத்தினார், பெண்குரலின் உச்சமான சொப்ரானோவில். என் ஜன்னலில் மருந்துக்கு நின்ற வரிசை கலைந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள், பிறகு கத்தினாள். பிறந்த குழந்தை முதலில் அழவில்லை. துடைத்துத் தேய்த்து அழவைத்த பிறகு, "டெனர்" என்று அறிவித்தார். ஆண்களில் மேல்குரல். பையன் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவர், இறந்த அன்று காலையிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாராம். "என்னங்க சிஸ்டர்னு கேட்டேனுங்க. ஒண்ணுமில்ல, வாயு, சுடுதண்ணி குடுன்னாங்க. கொண்டாறதுக்குள்ள..." என்று செல்வி அங்கேயே நிறுத்திவிடுகிறார். டாக்டர் இருந்தார். நெஞ்சுவலி மாத்திரை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மலையையே கத்தவைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு முனகல்கூட இல்லாமல் போய்விட்டார். எங்களுக்கு நடுவில் இருந்த சுவர் அப்படியொன்றும் தடிமனானதல்ல.

அவர் சொல்லித்தந்த சொற்களில் பாதி இப்போதே எனக்குக் குழம்புகிறது. அவை போகட்டும். நேற்று ஜன்னலில் ஒரு பெரியவர் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு, "வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து, அவரை உட்காரவைத்து, டாக்டரைக் கூப்பிட்டேன்.