கூரை வழியே போன சூடு

ஒரு கூரை வீட்டிலிருந்து எவ்வளவு சூடு வெளியே போகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர் எங்கள் வட்டாரத்திலேயே என் மாமா ஒருவராகத்தான் இருப்பார். அம்மாவின் தம்பி. வெளியூரில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவர் தும்மினாலும் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நான் நம்பினேன்.

அது மார்கழி. கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் காலைப் பனி இறங்கினால் வாய்க்கால் எது, வரப்பு எது என்று தெரியாது. மாடுகள் கால் இல்லாமல் மிதந்து போகும். அந்தப் பனியில்தான் தங்கச்சி எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பாதம் இரண்டும் நீலம் பாரித்திருந்தன. நர்ஸம்மா வந்து பார்த்து, "பிள்ளைக்குச் சூடு குறையாம பாத்துக்குங்க. குறைஞ்சா தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கே குளிர்காய்ச்சல். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மாமா அழவில்லை. கரித்துண்டை எடுத்தார். சுவரையும் கூரையையும் கயிறு போட்டு அளந்தார். மண்சுவரில் கணக்கு கொடி மாதிரி ஏறியது. கூரை வழியாக இவ்வளவு, சுவர் வழியாக இவ்வளவு, கூரை இறங்கி நிற்கும் இறவானத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக எல்லாவற்றையும் விட அதிகம். சூடு என்பது பூனை மாதிரி ஒரு பிராணி, ஆள் அசந்ததும் சந்து வழியாக நழுவிவிடும் என்று நான் புரிந்துகொண்டேன். சந்தில் எல்லாம் வைக்கோலைத் திணித்து அடைத்தோம்.

"அப்பவும் கொஞ்சம் போயிக்கிட்டேதான் இருக்கும். போற அளவுக்கு உள்ள சூடு வந்துக்கிட்டே இருக்கணும்" என்றார் மாமா. "ராத்திரிக்கு ரெண்டு கணப்புச் சட்டி வெச்சாப் போதும்க்கா."

அம்மா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வீட்டுக்குள்ள நெருப்பா? ஊர்ல இருந்தாத்தான உனக்குத் தெரியும். ஒரு பொறி பட்டா, நாமளே வெச்சுக்கிட்டோம்னு சொல்லிப்புடுவாங்கடா."

மாமாவின் கணக்கில் விட்டுப்போனது அதுதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் மிராசுதார்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் பகை முற்றியிருந்தது. ஆட்சி மாறிவிட்டது, இனி எல்லாம் மாறும் என்றார்கள். தெருமுனைக்கு ஒரு பல்பு வந்தது, வயலில் ஒன்றும் மாறவில்லை. பக்கத்து ஊர் ஒன்றில் மிராசுதார் ஆட்கள் குடிசைக்குத் தீ வைத்ததில், உள்ளே இருந்தவர்கள் செத்துப்போனார்கள். அதிலிருந்து எங்கள் தெருவில் வெயில் இருக்கும்போதே சோறாக்கி, அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்கள். அடுப்பைத் தூங்கவைக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

மாமா சுவரில் கணப்புச் சட்டிக் கணக்கை உள்ளங்கையால் அழித்தார். பிறகு மெதுவாக, "ஒரு ஆள் சும்மா படுத்திருந்தாலே தெருமுனை பல்பு அளவுக்குச் சூடு குடுக்கும்க்கா" என்றார். மறுபடி கரியை எடுத்து வகுத்தார். இந்தத் தடவை விடை ஆட்களில் வந்தது. எங்கள் குடும்பம் அதற்குப் பாதிகூடக் காணாது.

அடுத்த வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சுவரில் இருந்ததைப் படிக்கத் தெரியாதவள். விஷயத்தைக் கேட்டாள், எழுந்து தெருவுக்குள் போனாள். பொழுது சாயும்போது பெண்கள் பாயும் சாக்குமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் அம்மாவும் தங்கச்சியும். சுற்றிலும் முழங்காலோடு முழங்கால் இடிக்க மற்றவர்கள். வெற்றிலை வாசனை, ஈரச்சேலை வாசனை, யாரோ ஒருத்தியின் இருமல். கொஞ்ச நேரத்தில் வீடு கதகதத்தது. எனக்கு அது திருவிழா. யார் கால் யார் மேல் என்று தெரியாமல் தூங்கிப்போனேன். வீடு கட்டவிழ்ந்து, எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பனிக்கு மேலே கடலைப் பார்த்துப் போவதாகக் கனவு. அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு தூங்கியதே இல்லை.

விடிந்ததும் அம்மா துணியை விலக்கிக் காட்டினாள். தங்கச்சியின் பாதங்கள் சிவந்திருந்தன. மாமா கரிக்கணக்கைத் தொட்டுக் கும்பிட்டார், இன்ஜினியர்!

நான் வாசலுக்கு ஓடினேன். எங்கள் மரக்கதவின் வெளிப்பக்க நாதாங்கி ஆணியோடு பிடுங்கப்பட்டு மண்ணில் கிடந்தது. பக்கத்தில் அத்தையின் அரிவாள். ஏன் பிடுங்கினாய் என்று அத்தையிடம் கேட்டேன்.

"துருப்புடிச்சிருந்துச்சு. போடி, போயி மூஞ்சக் கழுவு" என்றாள்.

ஆணி போன ஓட்டை வழியாகவும் சூடு போகுமே என்று கவலைப்பட்டு, அதில் வைக்கோலைத் திணித்து வைத்தேன். பக்கத்து ஊரில் அன்று பயந்துபோன பெண்களும் பிள்ளைகளும் இப்படித்தான் ஒரே குடிசையில் கூடினார்கள் என்பதும், தீ வைத்தவர்கள் அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் அது தெரிந்திருந்தது.